மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உடற்கல்வி: வேலையை விட்டுவிட்டுப் படிக்கத்தான் வேண்டுமா?

கடிதம் எழுதியிருப்பவர் 29 வயது உடற்கல்வி ஆசிரியை. பி.பி.எட். முடித்தவர். வட மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டிரண்டு பி.டி. பீரியடு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். இந்த வகுப்புகளில் நான்கு மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் டுஷென் வகைத் தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு பையனும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியும். ஏழாம் வகுப்பில் மூளை முடக்குவாதத்தால் வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு பெண். எட்டாம் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த ஒரு பையன்.

நால்வரும் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடி மேடையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறார்கள். "ஸ்கோர் எழுதி எழுதி நோட்டே தீர்ந்துபோச்சு டீச்சர், எங்க பீரியடு எப்ப?" என்று வாக்கர் பெண் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. தலைமையாசிரியரோ, "பயிற்சி இல்லாம கை வைக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். முதல்ல பெத்தவங்ககிட்ட எழுதி வாங்குங்க" என்கிறார். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் சிறப்புக் கல்வி பி.எட். படித்தால்தான் இந்தப் பிள்ளைகளைத் தொட முடியுமா, பிறகு பாரா விளையாட்டுப் பயிற்சியாளராக முடியுமா என்பது இவர் கேள்வி.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தசைச் சிதைவு நோய் உள்ள பையனுக்குக் கால் வலுப்பெறட்டும் என்று மூன்று வாரமாகத் தினமும் 20 தோப்புக்கரணமும், மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கவும் கொடுத்து வருகிறார். மறுநாள் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறானாம், முன்னைவிட அடிக்கடி விழுகிறானாம். "பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். தோப்புக்கரணத்தையும் மாடிப்படியையும் இன்றே நிறுத்துங்கள். கூட்டவும் வேண்டாம், குறைத்துத் தொடரவும் வேண்டாம்.

நமக்கெல்லாம் உடற்பயிற்சி செய்யும்போது தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அவை ஆறும்போது தசை முன்னைவிட உறுதியாகும். பி.பி.எட்.டில் நீங்கள் படித்த வலுவூட்டும் பயிற்சியெல்லாம், பாரம் தாங்கிய தசை இப்படித் தேறிக்கொள்ளும் என்பதை நம்பியே நிற்கிறது. இந்தப் பையனுக்கு அது பொருந்தாது. தசைநாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அவன் உடலில் உருவாவதில்லை. கிழிந்த நார் சரியாக ஆறாது. அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. அவன் கெண்டைக்கால் தடித்து, பார்வைக்குப் பலமாகத் தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

தசை இழுபட்டு நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் கிழிசல் அதிகம். அதனால் தோப்புக்கரணத்தில் எழுவதைவிட உட்காருவதுதான் அவனுக்குக் கேடு. மாடி ஏறுவதைவிட இறங்குவது மோசம். சரிவில் ஓடுவது, மேடையிலிருந்து குதிப்பது, எடை தூக்குவது எல்லாம் இதே கணக்கு. மறுநாள் வலிப்பது, பழகாத உடம்பு பழகுவதன் அறிகுறி இல்லை. நேற்றுச் செய்தது அதிகம் என்று உடம்பு சொல்கிறது. பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போகிறதா என்று அவன் அம்மாவிடம் கேளுங்கள். ஒரு முறை அப்படி இருந்திருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகம் வரை போயிருக்கிறது என்று பொருள். அவன் அடிக்கடி விழுவது நோய் முற்றுவதாலும் இருக்கலாம், தசை களைத்துப் போனதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மூன்று வாரம் என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி, பெற்றோரிடம் கொடுத்து, அடுத்த முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்பது அவர்களுக்கும் புரியும்.

அவன் விழுந்தால் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோள்பட்டைத் தசைகளும் பலவீனம், உங்கள் கைக்குள்ளிருந்து நழுவிவிடுவான். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும், சாதாரணமாக விழுந்தாலே முறியலாம். காலை ஊன்ற முடியவில்லை என்றால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். வலி இல்லை என்றால் முட்டிபோட்டு நாலு காலில் நிற்கச் சொல்லி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் கை ஊன்றி, தன் தொடையைத் தானே பிடித்து மெல்ல எழுவான். நேரம் ஆகட்டும். சுற்றி நிற்கும் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

விளையாட்டே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இனி அவனுக்கு என்ன விளையாட்டு என்பதைக் கீழே சொல்கிறேன்.

"பயிற்சி இல்லாமல் கை வைக்காதே" என்பது பற்றி

உங்கள் தலைமையாசிரியரின் பயம் புரிகிறது. ஆனால், விளையாட விடாமல் உட்கார வைப்பதுதான் பாதுகாப்பான வழி என்ற எண்ணம் சட்டப்படி தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நிற்காமல், விளையாட்டும் பொழுதுபோக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அதே வரியில் சொல்கிறது. அதற்கான ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பயிற்றுவிக்கும் கடமையைப் பிரிவு 17 அரசின் மேல் வைக்கிறது. சிறப்புக் கல்விப் பட்டம் பெற்றவர்தான் உடற்கல்வி தரலாம் என்று எங்கும் இல்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் நீங்கள்தான்.

பெற்றோரிடம் எழுதி வாங்குவது அடுத்தது. "என் பிள்ளைக்கு எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்ற கடிதம் உங்களைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் பிள்ளைக்குக் காயம் என்றால் அந்தக் கையெழுத்து துணைக்கு வராது. அதைவிட, அப்படி ஒரு தாளை நீட்டிய உடனே பெற்றோர் பயந்து, "சும்மா உக்காரட்டும் டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் உங்களைக் காப்பது மூன்று: குழந்தையைப் பற்றி முன்கூட்டியே விசாரித்த தாள், அதன்படி திட்டமிட்ட நோட்டு, மைதானத்தில் உங்கள் கண்.

ஆகவே பொறுப்பு விலக்குக் கடிதத்துக்குப் பதில் ஒரு பக்கத் தகவல் படிவம் தயாரியுங்கள். நோயின் பெயர், நடந்த அறுவைச் சிகிச்சைகள், தினசரி மாத்திரைகள், வலிப்பு வந்ததுண்டா, கடைசியாக எப்போது, இதயக் கோளாறு உண்டா, யாரை அழைப்பது. கீழே மருத்துவருக்கு நான்கைந்து கேள்விகள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பத்தில் ஒன்பது மருத்துவர்கள் "வேண்டாம்" என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் மனதில் ஓடுவது கபடியும் கால்பந்தும். செயலைப் பிரித்துக் கேளுங்கள்: உட்கார்ந்தபடி 300 கிராம் பந்து எறியலாமா? சமதரையில் 20 மீட்டர் ஓடலாமா? குதிக்கலாமா? தலைகீழ் ஆசனம் செய்யலாமா? எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்? இப்படிக் கேட்டால் பயன்படும் பதில் வரும்.

நால்வரிடமும் தெரிந்துகொள்ள வேண்டியவை

டவுன் சின்ட்ரோம் உள்ள சிறுமியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். அவளுக்கு இருந்ததா, சரி செய்தார்களா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கழுத்து. மண்டையோட்டை ஒட்டிய முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் பிணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். கழுத்து வேகமாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், சிரசாசனம், உயரம் தாண்டுதல், பந்தைத் தலையால் முட்டுவது கூடாது. கழுத்துவலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நடை திடீரென மாறுவது, கையில் பிடிமானம் குறைவது, புதிதாக உடையிலேயே சிறுநீர் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்தி அன்றே மருத்துவமனை. மற்றபடி அவளுக்கு ஓட்டம், நடனம், எறிதல் எல்லாம் வேண்டும். கட்டளை ஒரு நேரத்தில் ஒன்று. சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். அவள் பதில் செயலுக்கு வர 5 முதல் 10 விநாடி ஆகலாம். அந்த இடைவெளியில் நீங்கள் இரண்டாம் முறை கத்தினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பார்வை குறைந்த பையனுக்கு, குறைவு எதனால் என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். அதிகக் கிட்டப்பார்வையாலோ விழித்திரைக் கோளாறாலோ என்றால் குதிப்பதும் தலையில் அடிபடுவதும் விழித்திரையைப் பிரித்துவிடக்கூடும். கண் அழுத்த நோய் என்றால் சர்வாங்காசனமும் சிரசாசனமும் கூடாது. இது பள்ளிகளில் அதிகம் தவறவிடப்படுகிறது, ஏனென்றால் "ஓட முடியாதவனுக்கு யோகா" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். செம்மண் மைதானத்தில் பழுப்பும் சிவப்புமான பந்து அவன் கண்ணுக்கு மறைந்துபோகும். வெள்ளை அல்லது பளிச்சென்ற மஞ்சள் கொடுங்கள். சூரியனைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள். பந்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் உருளும்போது சரசரக்கும், செலவில்லாத ஒலிப்பந்து. எல்லைக் கோட்டில் மெல்லிய சணல் கயிற்றை நீட்டி மேலே அகல டேப் ஒட்டினால் பாதத்தால் உணர்வான். பார்வையற்றோருக்கான கோல்பால் ஆட்டத்தின் கோடுகள் இப்படித்தான். ஓட்டத்துக்கு 30 செ.மீ. கயிறு, இரு முனையிலும் முடிச்சு. ஒன்றை அவன் பிடிக்க, மற்றதை வழிகாட்டி ஓடும் மாணவன் பிடிக்க வேண்டும். வழிகாட்டி அவனை இழுக்கக் கூடாது, பக்கத்தில் ஓட வேண்டும். அவனைவிட வேகமாக ஓடக்கூடியவனாகத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பத்தாவது மீட்டரில் வழிகாட்டியே பிரேக் ஆகிவிடுவான்.

வாக்கர் பெண்ணுக்கு முதல் எதிரி உங்கள் விசில். மூளை முடக்குவாதம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் உடம்பையே உலுக்கிவிடும். கையிலிருக்கும் பந்து விழும், நின்றுகொண்டிருந்தால் அவளே விழுவாள். அவள் பக்கத்தில் கையை உயர்த்திச் சைகை காட்டுங்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றாலும் தசை இறுகும். நீட்டல் பயிற்சியை வெடுக்கென்று இழுக்காமல், 20 முதல் 30 விநாடி மெல்லப் பிடித்து விட வேண்டும். எறியும் ஆட்டங்களில் அவளை உட்கார வையுங்கள்: பாதம் முழுதாகத் தரையில் படியும் உயர நாற்காலி, முட்டி செங்குத்து மடிப்பில், பாதம் எட்டவில்லை என்றால் கீழே ஒரு பலகை. நின்றுகொண்டு ஒரு கையால் வாக்கரைப் பிடித்து எறிந்தபோது 3 மீட்டர் போகாத பந்து, காலுக்குத் தளம் கிடைத்தவுடன் எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

ஆட்டத்தை எப்படி மாற்றுவது

பிள்ளையின் திறனுக்கேற்ப ஆட்டத்தை மாற்றிக் கற்பிப்பதுதான் தகவமைப்பு உடற்கல்வி. அதில் ஆட்டத்தை நான்கு கைப்பிடிகளால் திருப்புவோம்: இடம், செயல், கருவி, ஆட்கள். மைதானத்தைச் சுருக்கலாம், விதியை மாற்றலாம், பந்தை மாற்றலாம், யார் யாருடன் என்பதை மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருப்புங்கள். நான்கையும் சேர்த்துத் திருப்பினால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது, மற்ற 39 பேருக்கும் அது ஆட்டமாகவே இருக்காது.

ஏழாம் வகுப்பில் எறிபந்து ஆடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்கர் பெண்ணுக்கு வலையை ஒட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர் கட்டம் ஒன்று சுண்ணாம்பில் போடுங்கள். அதற்குள் நாற்காலி. வேறு யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, பாதுகாப்பும் இடமும் சேர்ந்தே கிடைக்கும். அவள் கட்டத்துக்குள் வரும் பந்து ஒரு முறை தரையில் குத்தலாம். பந்து காற்றுக் குறைந்த ரப்பர் பந்தாக, எல்லோருக்கும் அதே பந்தாக இருக்கட்டும்.

முதல் வாரம் இப்படிக் கெடும்: எதிரணி இரக்கப்பட்டு அவள் பக்கம் பந்தே போடாது, அல்லது மெதுவாகத் தூக்கிக் கொடுக்கும். அவள் பிடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். நான்காவது கைதட்டலில் அவள் முகம் சுண்டிப்போகும். இரக்கத்தைப் பேசித் திருத்த முடியாது, விதியால்தான் திருத்த முடியும். அவள் கட்டத்தில் பிடிக்காமல் விழும் பந்துக்கு எதிரணிக்கு 2 புள்ளி என்று வையுங்கள், அவள் பிடித்து எறிந்து எடுக்கும் புள்ளிக்கும் 2. அடுத்த நிமிடமே எதிரணி அவளைக் குறிவைக்கும், அவள் அணி அவளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கும். ஆட்டத்தில் ஒருவராக இருப்பது என்றால் இதுதான்.

கூடவே ஓர் அளவுகோல்: 10 நிமிடத்தில் பந்து அவள் கைக்கு எத்தனை முறை வந்தது என்று ஒரு மாணவனை எண்ணச் சொல்லுங்கள். மற்றவர்களின் சராசரியில் பாதிகூட வரவில்லை என்றால் அவள் இன்னும் மரத்தடியில்தான் இருக்கிறாள், மேடை மட்டும் மாறியிருக்கிறது.

தசைச் சிதைவு நோய் உள்ள பையனுக்கு நான் சொல்வது போச்சா. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக உருவாகி, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். தசைச் சிதைவு நோய் உள்ளவர்களும் இதில் உலக அளவில் ஆடுகிறார்கள். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் எறிந்து, 6 சிவப்பு, 6 நீலப் பந்துகளில் யார் பந்து வெள்ளைக்கு அருகில் நிற்கிறது என்று பார்ப்பது. நம்மூர்க் கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதிகாரப்பூர்வக் களம் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர், உங்களுக்கு வராந்தாவில் 6-க்கு 3 போதும். பந்து 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ. வாங்கினால் விலை அதிகம். கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு, கேழ்வரகு நிரப்பி 13 பந்து தைத்துக்கொள்ளலாம். முழுக்க நிரப்பிவிட்டால் தெறித்து உருண்டு போகும். அழுத்தினால் விரல் சற்று உள்ளே போகும் அளவு இடம் விடுங்கள். கை தளரும் நாள் வந்தால் 4 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 1.2 மீட்டர் துண்டை நாற்காலியில் சாய்த்து வையுங்கள். அவன் குறிபார்த்து விட்டால் பந்து உருண்டு போகும். அதற்குப் பழைய துணிப் பந்து ஆகாது, உருளும் பந்து வேண்டும். 10 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் ஓய்வு. ஆடும்போது மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, மறுநாள் காலை வலி இருந்ததா, இந்த இரண்டையும் நோட்டில் எழுதி வாருங்கள். நீச்சல் வாய்ப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும்.

இனி படிப்பு

வேலையை விடாதீர்கள் என்பது என் கருத்து. சிறப்புக் கல்வி பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் அது உங்களைச் சிறப்பாசிரியராக்கும், வேறொரு பணிக்கான தகுதி அது. பிரெயில், சைகை மொழி, தனிநபர் கல்வித் திட்டம், வகுப்பறைப் பாடங்களைச் சொல்லித்தரும் முறை என்று போகும். மைதானம் அதில் ஓர் ஓரம்தான். சிறப்பாசிரியராக மாற வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால் படியுங்கள், ஆனால் சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரிக்கும் அந்தப் பிரிவுக்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உடற்கல்வி ஆசிரியராகவே இருந்து இந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும் என்றால் வழி வேறு.

முதல் படி உங்கள் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடுத்து, இயன்முறை மருத்துவர் வரும் நாளில் இந்த நால்வரையும் உங்கள் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கை எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்று கவனியுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்லித்தராது.

இரண்டாவது, பக்கத்து ஊர்ச் சிறப்புப் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கி 12 சனிக்கிழமை போய் உதவியாளராக நில்லுங்கள். அமெரிக்காவில் தகவமைப்பு உடற்கல்விக்கான தேசியச் சான்று பெற, படிப்போடு 200 மணி நேரம் நேரடியாக இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்திருக்க வேண்டும். நம் கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு வாரம் 6 பீரியடு, அதாவது 4 மணி நேரம். பள்ளி வாரம் 40 என்றால் 160 மணி நேரம். 12 சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் வீதம் 42. ஒரே கல்வியாண்டில் 202 மணி நேரம், வேலையில் இருந்துகொண்டே. நோட்டு மட்டும் ஒழுங்காக எழுத வேண்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம், தேதி, செய்த மாற்றம், நடந்தது, அடுத்த முறை என்ன.

மூன்றாவதாகத்தான் பட்டம். கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் பொது உடற்கல்வி, தகவமைப்பு உடற்கல்வி, யோகா மூன்றுக்குமாக ஒரு புலமே இயங்குகிறது. மேலே படிப்பதென்றால் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது அங்கேதான். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. அவற்றில் பல மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்களுக்கானவை. உடற்கல்வி ஆசிரியருக்கு இடம் உண்டா என்று கேட்டுவிட்டு விடுப்பு போடுங்கள்.

பாரா பயிற்சியாளர் ஆசையில் ஒரு சின்னத் திருத்தம். சேலம் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016-இல் தங்கம் வென்றதும், 2024 பாரிஸில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் பேட்மின்டனில் பதக்கம் எடுத்ததும் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் உங்கள் நால்வருக்கும் பாதைகள் வேறு வேறு. டவுன் சின்ட்ரோம் சிறுமிக்கு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். அது 8 வயது முதல் போட்டிக்குச் சேர்க்கிறது, மற்ற பிள்ளைகளும் சேர்ந்து ஒரே அணியாக ஆடும் யூனிஃபைடு பிரிவும் வைத்திருக்கிறது, உங்கள் பள்ளிக்கு மிகப் பொருத்தம். மற்ற மூவருக்கும் பாரா விளையாட்டு. அதில் குறைபாட்டின் வகையையும் அளவையும் சோதித்துப் பிரிவு ஒதுக்குவார்கள், போச்சாவுக்குக் கை, கால் நான்கிலும் கடுமையான பாதிப்பு இருக்க வேண்டும். வாக்கர் பெண் அதில் தேறாமல் போகலாம், உட்கார்ந்து எறியும் தடகளப் பிரிவில் தேறலாம். பள்ளி வராந்தாவில் ஆட எந்தப் பிரிவும் தேவையில்லை. பிரிவு கிடைக்குமா என்பதை வைத்து யாரை ஆட்டத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டாம். தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் ஆடிய பிறகு அதற்கு அழைத்துப் போங்கள்.

தோப்புக்கரணத்தை நிறுத்தினால் பையன் ஏன் என்று கேட்பான். அவனிடம் என்ன சொல்வது? நோயைப் பற்றி அவன் வீட்டில் எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அதைத் தாண்டி ஒரு வார்த்தையும் நீங்கள் சொல்ல வேண்டாம். "நான் கொடுத்த பயிற்சி உன் காலுக்குச் சரியில்லடா, டீச்சர் தப்பு, மாத்திக்கலாம்" என்றால் போதும். அவன் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சொன்ன கையோடு வராந்தாவில் கோடு போடச் சொல்லுங்கள், வெள்ளைப் பந்தை அவனே முதலில் எறியட்டும். எதிரே ஆறாம் வகுப்பில் கோலி நன்றாக ஆடும் ஒரு பையனை உட்கார வையுங்கள், நாற்காலியில்.